வந்து சேர்ந்தது அதே படம்தானா?

கைப்பேசியில் எடுத்த படத்தைக் கணிப்பொறிக்கு மாற்றுவது ஒரு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி சோடியம் விளக்கொளியில் நியூட்டன் வளையங்களைத் தோற்றுவித்து, நுண்ணோக்கியின் வழியே அவற்றைக் கைப்பேசியால் படம் எடுத்தாள். வளையங்களின் விட்டங்களைக் கணிப்பொறித் திரையில் அளந்து, வில்லையின் வளைவு ஆரத்தைக் கணக்கிடுவது அவள் திட்டம். படத்தைச் செய்திச் செயலி ஒன்றின் மூலம் கணிப்பொறிக்கு அனுப்பினாள். கைப்பேசியில் இடம் போதாமையால் மூலப்படத்தை அழித்தும் விட்டாள். திரையில் பார்த்தபோது உள்வளையங்கள் தெளிவாகவே இருந்தன. வெளிவளையங்கள் இருக்க வேண்டிய இடத்திலோ வரி ஏதுமற்ற மஞ்சள் மங்கல்தான் இருந்தது. "சார், எடுக்கும்போது எல்லா வளையமும் இருந்தது" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் உண்மை.

வளையங்கள் எங்கே போயின?

அவள் எடுத்த படம் 4,000 × 3,000 புள்ளிகள் கொண்டது. அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். வந்து சேர்ந்த படத்தில் இருந்தவை 1,600 × 1,200, அதாவது 19 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகளே. ஆறில் ஒரு பங்குகூட இல்லை!

நியூட்டன் வளையங்களின் ஆரம், வளையத்தின் வரிசை எண்ணின் வர்க்க மூலத்திற்கு நேர்விகிதத்தில் வளர்கிறது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆகவே வெளியே செல்லச் செல்ல வளையங்கள் நெருங்கி அமைகின்றன. மூலப்படத்தில் ஓர் ஒளிர்வளையமும் அதையடுத்த கருவளையமும் சேர்ந்து 4 புள்ளிகளின் அகலத்தில் இருந்தன என்று கொள்வோம். படம் இரண்டரை மடங்கு சுருங்கியபின் அவற்றுக்குக் கிடைப்பது 1.6 புள்ளி மட்டுமே. சீராக மாறி மாறி வரும் ஒளியையும் இருளையும் பிரித்துக் காட்ட ஒவ்வோர் இணைக்கும் இரண்டு புள்ளிகளுக்கு மேல் தேவை. அதற்குக் குறைந்தால் வளையங்கள் கலந்து மங்கிவிடும். சில வேளைகளில் இல்லாத வளையங்கள்கூடப் போலியாகத் தோன்றும்.

இதற்கு மேல் சுருக்கமுறை வேறு. 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதுகிறது. நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட கணித உருமாற்றமே இதன் அடிப்படை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண் அலைகளை இம்முறை தோராயமாக்கியோ கைவிட்டோ இடத்தை மிச்சப்படுத்துகிறது. முகத்தைப் பார்ப்பவருக்கு இதனால் இழப்பில்லை. வளையத்தை அளப்பவருக்கோ, தேவையான பொருளே கைவிடப்பட்டது!

குறை எங்கே?

செய்திச் செயலியைச் சுருக்கியதற்காகக் குறை கூறுவது நியாயமன்று. மெதுவான இணைப்பிலும் படம் விரைவில் சென்று சேர வேண்டும் என்பதற்காக அது அவ்வாறு அமைக்கப்பட்டது. சொல்லாமல் சுருக்கியதுதான் என் குறை. பிழையுள்ள கருவியைக் கொண்டும் நாம் அளக்கலாம். பிழை இன்னதென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். பிழையை மறைக்கும் கருவியை என்ன செய்வது? "மூலத்தில் இவ்வளவு, அனுப்புவது இவ்வளவு" என்று ஒரு வரி காட்டியிருந்தால் அம்மாணவி படத்தை அழித்திருக்கமாட்டாள்.

சொற்களிலும் நேர்மை வேண்டும். கூகுள் போட்டோஸ் சேவை 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களைக் குறைத்துச் சேமிக்கும் முறைக்குப் பல ஆண்டுகள் 'உயர்தரம்' என்றே பெயர் வைத்திருந்தது. 2021-இல்தான் அப்பெயரை 'இடச் சேமிப்பு' என்ற பொருள்படும்படி மாற்றினார்கள். இரண்டாவது பெயர் உண்மையைச் சொல்கிறது. முதலிலேயே அதை வைத்திருக்கலாமே!

யூ.எஸ்.பி. கேபிள் வழியே கோப்பை அப்படியே நகலெடுத்தால் இத்தகைய இழப்பு இல்லை. யூ.எஸ்.பி. 2.0 முறையின் உச்ச வேகம் வினாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நான்கு மெகாபைட் அளவுள்ள 500 படங்கள் ஏட்டுக் கணக்கில் ஏறத்தாழ அரை நிமிடத்தில் போய்விடும். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகும். ஆனால் ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் செருகியவுடன் பெரும்பாலும் மின்னேற்றம் மட்டுமே நடக்கும். 'கோப்பு மாற்றம்' என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். பொது இடங்களில் மின்னேற்றும்போது பிறர் தரவைத் திருடாதிருக்க இது ஒரு காவல். ஆகவே இதை நான் ஏற்கிறேன். ஐபோனிலோ 2017 முதல் படங்கள் ஹைக் என்னும் வடிவில் சேமிக்கப்படுகின்றன. அமைப்புகளில் 'தானாக' என்றிருந்தால் கணிப்பொறிக்கு மாற்றும்போது அவை ஜேபெக்காக உருமாறக்கூடும். மூலக்கோப்பே வேண்டுமானால் 'மூலத்தை வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது

படத்தை மாற்றியபின் மூன்றை ஒப்பிடுங்கள்: படங்களின் எண்ணிக்கை, கோப்பின் அளவு, நீள அகலப் புள்ளிகள். மூன்றும் ஒத்திருந்தாலன்றி மூலத்தை அழிக்காதீர்கள். கேபிள் இல்லையேல் செயலியில் படத்தை 'ஆவணம்' என்ற முறையில் அனுப்புங்கள். பல செயலிகளில் அது சிதையாமல் செல்லும். திருத்தும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள். ஏனெனில் ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் சிறிது இழப்பு ஏற்படும்.

அம்மாணவி வில்லையை மீண்டும் பொருத்தி, சோதனையை முதலிலிருந்து செய்தாள். இம்முறை படம் கேபிள் வழியே வந்தது. அளப்பதற்கு முன் அவள் செய்த முதல் வேலை, படத்தின் நீள அகலப் புள்ளிகளைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதுதான். வெர்னியர் அளவியை எடுத்ததும் சுழிப்பிழை பார்க்கிறோம் அல்லவா? இதுவும் அதுபோன்றதே.