வெருகு சிரிக்கும் மாலை

பூனை என்றால் இன்றைக்கு நமக்கு மடி, மெத்தை, மீம். நவீன கவிதைக்குள் வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து நம் தனிமைக்குத் துணையிருக்கும். குறுந்தொகையின் பூனை அந்த வேலையெல்லாம் பார்ப்பதில்லை. அது வேலியோரத்தில் நிற்கிறது. பெயர் வெருகு. காட்டுப்பூனை.

ஒக்கூர் மாசாத்தியாரின் 220ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். மழை பெய்து வரகு விளைந்திருக்கிறது. மான் மேய்ந்துவிட்டுப் போன தட்டைகளுக்குப் பக்கத்தில் முல்லை பூக்கிறது. வெருகு சிரித்தது போலப் பூக்கிறது என்கிறாள் தலைவி. வண்டு மொய்க்கும் இந்த மாலையிலும், பொருள் தேடிப் போனவன் வரவில்லை.

வழக்கமான விளக்கம் எளிமையானது: அரும்பும் பல்லும் சிறியவை, வெள்ளை, கூரானவை. சரிதான். ஆனால் அவ்ளோதானா? பல் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாமே. 240ஆம் பாடலில் கொல்லன் அழிசி அப்படித்தான் நிறுத்துகிறார். மாசாத்தியார் பூனையைச் சிரிக்க வைக்கிறார். பூனை பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை என்பது அதைச் சீண்டிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

இதே கவிஞரின் 139ஆம் பாடலில் வெருகு மறுபடி வருகிறது. மாலை நேரம், வேலியோரம் வெருகுகள். வீட்டுக்கோழி பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. அந்தக் கூச்சல் மாதிரி ஊர்ப்பேச்சு உன்னைச் சுற்றியிருக்கிறது, எங்கள் தெருப் பக்கம் வராதே என்று தோழி தலைவனைத் தடுக்கிறாள். ஒரே கவிஞர், ஒரே விலங்கு, ஒரே பொழுது. 139ஐப் படித்துவிட்டு 220க்குத் திரும்பினால் முல்லை சும்மா பூப்பதாகத் தெரியவில்லை. வெருகு வரும் நேரத்தில், வெருகின் முகத்தோடு பூக்கிறது. முல்லைத் திணைக்கு மாலை சிறுபொழுது என்று இலக்கணம் சொல்லும். அந்தப் பொழுதுக்குப் பல் இருக்கிறது என்பது மாசாத்தியார் சொல்வது.

இதில் கற்பனையை விடக் கவனிப்பே அதிகம். காட்டுப்பூனை அடர்காட்டு விலங்கு இல்லை. புதர், நாணல், கண்மாய்க்கரை, வயலோரம்தான் அதன் இடம்; மதுரையைச் சுற்றிய சமவெளி மாதிரியான நிலம். அந்தி அதற்கு வேட்டை நேரம்.

மதுரைக் கண்ணனார் 107இல் இதே பூனையை வேறு வேலைக்குக் கூப்பிடுகிறார். தலைவனோடு சேர்ந்து உறங்கிய உறக்கத்தைச் சேவல் கூவிக் கலைத்துவிட்டது. நள்ளிரவில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் வெருகுக்குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று தலைவி சபிக்கிறாள். மாசாத்தியாரின் கோழிக்கு எமனாக இருந்தது இங்கே பெண்ணின் கட்சியில் நிற்கிறது!

என் வாசிப்புக்கு எதிராக வலுவான சாட்சி கபிலர். புறநானூறு 117இல் அவரும் முல்லை அரும்பை வெருகுக்குட்டியின் பல்லுக்கு ஒப்பிடுகிறார். அங்கே பேச்சு பாரியின் நாட்டு வளத்தைப் பற்றியது. அச்சத்தின் சாயலே இல்லை. ஆகவே வெருகு வந்தாலே பயம் என்று சூத்திரம் போட முடியாது. உவமைக்கு நிலையான பொருள் கிடையாது. யார் பேசுகிறார்கள், எந்தப் பொழுதில் பேசுகிறார்கள் என்பதுதான் அந்தப் பல்லைக் கூராக்குகிறது. காத்திருப்பவளுக்கு அது கடிக்கும். கபிலருக்குக் கடிக்காது.

நம் பூனைக் கவிதைகள் எனக்குச் சலிப்பது இதனால்தான். அவற்றில் பூனை எப்போதும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குறுந்தொகையின் வெருகு யாரையும் பார்ப்பதில்லை. எலியைப் பார்க்கிறது, கோழியைப் பார்க்கிறது. அதற்குப் பசி இருக்கிறது. அந்தப் பசியை மறைக்காமல் அதன் பக்கத்திலேயே ஒரு பூவை வைக்க மாசாத்தியாருக்குத் துணிச்சல் இருந்தது. பூவும் கெடவில்லை, பூனையும் பொம்மையாகவில்லை.