கடற்காற்றுக்குத் திறக்கும் கூண்டு

சென்னை வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் கோழி வளர்க்க ஆசைப்படலாம். கூண்டு வைக்க இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. மோட்டார் பக்கத்து மூலை, துணி காயப்போடும் சந்து, அவ்வளவுதான் பின்கட்டு. அப்படியொரு மூலையில் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா, தச்சு வேலை தெரிந்த தம்பியை வைத்து ஒரு கூண்டு கட்டியிருக்கிறார். ஆறு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் குடியிருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

பலகையெல்லாம் துறைமுகத்துச் சரக்கோடு வந்து பழைய மரக்கடைக்குப் போனவை. ஒவ்வொன்றிலும் கோதுமைக்கதிர் போட்ட முத்திரை இருக்கிறது. அதில் எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்ற மரம்; எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. கோழி எதையும் கொத்திப் பார்க்கும் என்பதால் தம்பி எச்.டி. பலகைகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

கூண்டின் கால்கள் சவுக்குக் கட்டை. தரையிலிருந்து இரண்டடி உயரம். கேப்டன் காட்டன் கால்வாய் நிரம்பினால் வியாசர்பாடிப் பக்கம் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தவர்களுக்கு இந்த உயரத்தின் அருமை தெரியும். கால்களைச் சுற்றி வழவழப்பான தகரம் அடித்திருக்கிறது. பெருச்சாளிக்கு அதில் நகம் பிடிக்காது. தரை, ரீப்பர் கட்டைகளை ஓர் அங்குல இடைவெளி விட்டு அடித்தது. எச்சம் கீழே விழுந்துவிடும், அடியிலிருந்தும் காற்று ஏறும். குனிந்து தொட்டுப் பார்த்தேன்: ஒவ்வொரு ரீப்பரின் மேல் விளிம்பையும் இழைத்து மழுக்கியிருக்கிறார். கூர்முனை உறுத்தினால் கோழியின் பாதம் புண்ணாகும். யார் கண்ணிலும் படாத இடத்தில் இத்தனை அக்கறை!

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி. கத்திரி வெயிலில் சென்னை 40 டிகிரியைத் தாண்டும்போது வாயைத் திறந்து இளைப்பதும், சிறகைத் தூக்கிக்கொண்டு நிற்பதும்தான் அதற்கு வழி. அதனால் வெயில் படும் பக்கம் குறுகலாக இருக்கட்டும் என்று கூண்டைக் கிழக்கு மேற்காக நீட்டியிருக்கிறார்கள். ஆனால் கிழக்கை அடைத்தால் கடற்காற்று போய்விடுமே? அங்கேதான் தம்பியின் மூளை வேலை செய்திருக்கிறது. கிழக்குப் பலகைக்கு மேல்பக்கம் கீல் வைத்திருக்கிறார். காலையில் வெயில் சாய்ந்து வரும்போது மூடியிருக்கும். நண்பகலை ஒட்டிக் காற்று வரத் தொடங்கும் நேரத்தில் சூரியன் உச்சிக்குப் போயிருக்கும். அப்போது பலகையைத் தூக்கி ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்துவிடுகிறார் அக்கா. அதுவரை சுவராக இருந்தது பந்தலாகி நிழல் தருகிறது, அதன் அடியில் கம்பிவலை வழியாகக் காற்று உள்ளே நுழைகிறது. ஒரு கீலும் ஒரு குச்சியும்தான் செலவு!

தகரக் கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்திருப்பதால் சூடு உள்ளே இறங்குவது குறைகிறது. வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிக்கும் வடபக்கத்தில் கூரையை இரண்டடி வெளியே இழுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் தார்ப்பாயைக் கவனியுங்கள். வழக்கம்போல் மேலிருந்து தொங்கவில்லை. அடியில் கட்டி, கயிற்றால் மேலே இழுப்பது. எவ்வளவு இழுத்தாலும் உச்சியில் ஒரு சாண் திறந்தே இருக்கும். அடைமழையில் முழுக்க மூடினால் ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். அது வெளியேற அந்த ஒரு சாண் வேண்டும்.

வலை, அரை அங்குல வெல்டு மெஷ். சாதாரண அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், பெருச்சாளியை வெளியே நிறுத்தாது. மழைக்காலத்தில் வெல்டு மெஷ்ஷின்மேல் கொசுவலையும் கட்டுகிறார்கள், கோழி அம்மை கொசுவால் பரவும் என்பதால். உட்காரும் கொம்புகள் எல்லாம் ஒரே உயரம். உயர்ந்த கொம்பு ஒன்று இருந்தால் அந்தி சாயும்போது அதற்கு அடிபிடி நடக்கும்.

ஒரே குறை, முட்டைப் பெட்டி மேற்கில் இருப்பது. சாயங்கால வெயில் நேரே அதில் அடிக்கிறது. தெற்கு மூலைக்கு மாற்றினால் நல்லது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

கட்ட நினைப்பவர்கள் ஐப்பசி வரை காத்திருக்காதீர்கள், ஆவணிக்குள் கூரையை முடித்துவிடுங்கள். குஞ்சு வாங்கியதும் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டு வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்டுவிடுங்கள். அந்த நோயை எவ்வளவு நல்ல கூண்டாலும் தடுக்க முடியாது.