இரும்புக்கரம் யாருடைய கை?

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களின் கட்டுரைகளில் ஓர் அப்பா அடிக்கடி வருகிறார். மகன் இரவில் வெகுநேரம் வெளியே சுற்றுகிறான். அப்பா அவனை 'இரும்புக்கரம் கொண்டு' அடக்குகிறார். எழுதிய மாணவருக்கு அப்பாவைப் பாராட்டும் எண்ணம்தான். படிக்கிற நமக்கோ வீட்டுக்குள் கலகத் தடுப்புப் போலீஸ் புகுந்த மாதிரி இருக்கிறது.

'அயர்ன் ஃபிஸ்ட்' என்ற ஆங்கிலத் தொடர் செய்தித்தாள் தலைப்புகள் வழியாக நம்மிடம் ஒட்டிக்கொண்டது. குண்டர் கும்பலை இரும்புக்கரம் கொண்டு ஒடுக்குவோம் என்று அமைச்சர் சொல்லலாம். அது அரசாங்கத்தின் கை. மலாயில் 'கூக்கு பெசி' (இரும்பு நகம்) என்பதும் கொடுங்கோல் ஆட்சிக்குச் சொல்வதுதான். பெற்ற தகப்பனுக்கு அந்த நகத்தை ஏன் மாட்டிவிட வேண்டும்?

'புட் யுவர் ஃபுட் டவுன்' படும் பாடு இன்னும் மோசம். 'அம்மா காலை ஊன்றினார்' என்று எழுதுகிறார்கள். தமிழில் கால் ஊன்றுதல் என்றால் ஓரிடத்தில் நிலைபெறுதல். அம்மா சிரம்பானில் கடை போட்டு நிலைத்துவிட்டார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'அம்மா ஒரே பிடியாக நின்றார்', 'கறாராகச் சொல்லிவிட்டார்' என்று எழுதினால் போதுமே!

'ரீட் த ரயட் ஆக்ட்' என்பதை மொழிபெயர்க்கவே முயல வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. பிரிட்டனில் 1715-இல் நடப்புக்கு வந்த கலகச் சட்டப்படி, பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், நீதிபதி ஓர் அறிவிப்பை உரக்க வாசிப்பார். ஒரு மணி நேரத்தில் கலையாவிட்டால் கடும் தண்டனை. வகுப்பில் கதையாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் ரசிப்பார்கள். கட்டுரையில் 'கடைசியாக எச்சரித்தார்' என்றாலே விஷயம் வந்துவிடும்.

நம்மிடம் சொல் பஞ்சம் இல்லை. கண்டிப்பு, கறார், கெடுபிடி மூன்றையும் ஒரே பொருளில் மனப்பாடம் செய்வதுதான் சிக்கல். 'கண்டிப்பான ஆசிரியர்' என்றால் மரியாதை. 'கெடுபிடி பண்ற வாத்தியார்' என்றால் புகார். 'கறார்' பேச்சில் நிற்பது. கடன் கிடையாது என்று சொல்லும் கடைக்காரரைப் போல. ரஹாங் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால், தண்டலையும் கிராணியையும் பற்றிப் பேசவிட்டுக் கேளுங்கள். யார் கண்டிப்பு, யார் கெடுபிடி என்பது ஒரே சொல்லில் தெரிந்துவிடும். 'அவரு வெட்டு ஒன்னு துண்டு ரெண்டுதான்' என்றால் மனிதர் சண்டைக்காரர் என்று அர்த்தமில்லை. வளைத்துப் பேசாமல் முடிவாகச் சொல்பவர். இதைச் சண்டைக் காட்சிக்கு எழுதி மதிப்பெண் இழக்கிறவர்கள் உண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வளர்ப்புக் கட்டுரை என்றதும் 'அடியாத மாடு படியாது' என்று நாமே எடுத்துக் கொடுக்கிறோம். அது மாட்டைப் பழக்கியவர்களின் அனுபவம். பிள்ளைக்குப் பொருத்தும்போது அடியை நியாயப்படுத்தும் வாக்கியமாகி, கட்டுரையின் கருத்தே திசைமாறிவிடுகிறது. அந்த இடத்துக்கு வெருவந்தசெய்யாமை அதிகாரத்தின் 562-ஆம் குறளைக் கொடுத்துப் பாருங்கள். அரசனுக்குச் சொன்னதுதான் என்றாலும் அப்பாவுக்கும் பொருந்தும்: ஓங்கும்போது வேகம் தெரியட்டும், விழும்போது மெதுவாக விழட்டும் என்கிறார் வள்ளுவர்.