அண்ணியின் பெயர் இங்கர்

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் ‘ஓர்டெட்’ பற்றி எழுத முடியாது. 1955இல் வந்த படத்துக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் முதல்முறை பார்த்தேன். விடுதி அறையில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர். முடிந்ததும் மாமாக் கடையில் உட்கார்ந்து விடியற்காலை மூன்று மணிவரை வாதம். யோஹானஸ் பைத்தியமா, ஞானியா? செத்தவள் எழுந்தது நிஜமா, உருவகமா? டிரையர் கடவுளை நம்பினாரா? தே தாரிக் கிளாஸ்கள் காலியாகிக்கொண்டே இருந்தன. அன்றைக்கு எங்களில் ஒருத்தனாவது எழுந்தவளின் பெயரைச் சொன்னானா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ‘அந்த அண்ணி கேரக்டர்’ என்றுதான் சொன்னோம்.

அந்த அண்ணியின் பெயர் இங்கர். டென்மார்க்கின் மேற்கு ஜூட்லாந்தில், மணல்மேடும் காற்றும் உள்ள கடலோரத்தில், போர்கன் பண்ணையின் மூத்த மருமகள். காலம் 1925. மாமனார் மார்ட்டன் ஊரில் பெரிய மனிதர். மூன்று மகன்கள். மூத்தவன் மிக்கல், இங்கரின் கணவன், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். நடுவில் யோஹானஸ், இறையியல் படித்து, கீர்க்கேகாரில் மூழ்கி, இப்போது தன்னையே இயேசு என்று நினைத்துக்கொண்டு திரிகிறவன். கடைக்குட்டி அண்டர்ஸ், தையல்காரர் பீட்டரின் மகள் ஆன்னேயைக் காதலிக்கிறான். சிக்கல் என்னவென்றால், மார்ட்டன் குருண்ட்விக் வழி வந்த கிறிஸ்தவர். வாழ்க்கையைக் கொண்டாடு, பாடு, சந்தோஷமாக இரு என்கிற மரபு அது. பீட்டரோ இன்னர் மிஷன். பாவம், மனந்திரும்புதல், கண்ணீர். ஒரே ஊர், ஒரே பைபிள். ஆனால் சம்பந்தம் வைத்துக்கொள்ள இரண்டு வீட்டுக்கும் மனசில்லை.

மூல நாடகத்தை எழுதிய கய் முங்க், அதே மேற்கு ஜூட்லாந்தில் வெதர்ஸோ என்ற ஊரின் பாதிரியார். 1944 ஜனவரியில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அந்த ஊர்ப் பக்கமே போய் டிரையர் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார். 1955 வெனிஸில் தங்கச் சிங்கம் கிடைத்தது. இதெல்லாம் விக்கிப்பீடியாவிலேயே இருக்கும். நான் சமையலறைக்குப் போகிறேன்.

அந்தச் சமையலறை செட் பற்றி ஒரு கதை உண்டு. ஜூட்லாந்து பண்ணைப்பெண் வீட்டில் இருக்கும் அத்தனை சாமான்களையும் முதலில் கொண்டுவந்து நிரப்பச் சொன்னாராம் டிரையர். பிறகு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி, ‘இது சமையலறை’ என்று காட்டத் தேவையானதை மட்டும் விட்டுவைத்தாராம். அந்த அறையில்தான் படத்தின் முதல் பாதி வேலை எல்லாம் நடக்கிறது. அண்டர்ஸுக்காக மாமனாரிடம் பேசுவது இங்கர். அதற்குமுன் அவருக்குக் கோப்பி கொடுக்கிறாள், பைப்பைக் கவனிக்கிறாள். மாவைத் தேய்த்து வெட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக விஷயத்தை நகர்த்துகிறாள். கையும் வாயும் ஒன்றாக வேலை செய்யும் இந்த ராஜதந்திரம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நம்ம வீட்டிலும் அப்பாவிடம் லேப்டாப் வாங்கக் கேட்டது நாமா? அம்மாதான்.

கடவுள் பற்றி இங்கர் பேசுவதும் அந்தக் கோப்பிக்கு நடுவில்தான். பெரிய அற்புதம் நடக்கவில்லையே, யோஹானஸ் குணமாகவில்லையே என்று கிழவர் நொந்துகொள்கிறார். சின்னச் சின்ன அற்புதங்கள் யார் கண்ணிலும் படாமல் நடந்துகொண்டேதான் இருக்கின்றன என்பதுபோல் இவள் சொல்கிறாள். நம்பிக்கை இல்லாத கணவனிடமும் சண்டை போடுவதில்லை. மனசில் நல்லது இருந்தால் மற்றது தானாக வரும் என்கிறாள். படத்தில் எல்லா ஆண்களுக்கும் ஒரு கொள்கை இருக்கிறது. மார்ட்டன், பீட்டர், பாதிரியார், அறிவியலை மட்டும் நம்பும் டாக்டர், யோஹானஸ் என்று ஆளுக்கு ஒன்று. நம்பவில்லை என்பது மிக்கலின் கொள்கை. இங்கருக்குக் கொள்கை கிடையாது, தேவாலயத்தோடு அவளுக்கு வாதமும் கிடையாது. அவளுடைய பக்தியையும் வீட்டுவேலையையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்கவே முடியாது.

என் வேலை கட்டுமானம் சார்ந்தது. தெரஸ் வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, சமையலறைச் சுவரை உடைத்து ஹாலோடு சேர்த்துவிடலாமா என்பதுதான். சில சுவர் வெறும் தடுப்பு. சில சுவர் மேல்மாடியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். பெயின்ட் அடித்தபிறகு ரெண்டும் ஒரே மாதிரிதான், வரைபடத்தை எடுத்துப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. போர்கன் பண்ணையில் இங்கர் எந்தச் சுவர் என்று முதல் பாதியில் யாரும் யோசிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும்தான்.

பிறகு பிரசவம். இரண்டு பெண்குழந்தைகளுக்குப் பிறகு இது பையனாக இருக்கும் என்று மாமனாருக்கு அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் வலியில் கிடக்கும் நேரத்தில் மார்ட்டன் எங்கே? பீட்டர் வீட்டில், யாருடைய கிறிஸ்தவம் உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டு. போனில் செய்தி வருகிறது. மார்ட்டனுக்குப் புத்தி வர இதுவே வழியென்றால் அவள் சாகட்டும் என்கிற அளவுக்குப் பீட்டர் போகிறார், கிழவர் அவர்மேல் பாய்கிறார். ஒரு பெண்ணின் உடம்பை வைத்து இரண்டு சபைகள் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடுகின்றன. தாயைக் காப்பாற்ற டாக்டர் குழந்தையைத் துண்டாக்கி எடுக்க வேண்டியதாகிறது. பையன்தான், சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள் என்று மிக்கல் தகப்பனிடம் சொல்லும் இடத்தை இரண்டாம்முறை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவள் பிழைக்கவில்லை.

இங்கராக நடித்த பிர்கிட்டே ஃபெடர்ஸ்பீல் அந்த நேரத்தில் நிஜமாகவே கர்ப்பமாக இருந்தார். அவருடைய பிரசவ வலியின் சத்தத்தைப் பதிவுசெய்துதான் டிரையர் படத்தில் பயன்படுத்தினார்.

சவ அடக்கத்தன்று பீட்டர் மனம் மாறி வருகிறார். இங்கரின் இடம் காலியாகிவிட்டது, அதை ஆன்னே நிரப்பட்டும் என்று மகளைக் கொடுக்கிறார். எல்லாரும் நெகிழ்கிறார்கள். படமும் அந்த நெகிழ்ச்சியோடு சேர்ந்துகொள்கிறது என்றே நினைக்கிறேன். எனக்கு ஒத்துவராத இடம் இதுதான். மருமகள் வேலை காலியானதும் அடுத்த ஆளை அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

என் பாட்டி மூன்று வருஷத்துக்கு முன் இறந்தார். தோட்டத்துக் கோயில் இரண்டு கமிட்டியாகப் பிரிந்து, ஆம்பளைங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காத காலத்திலும், வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் பாட்டி கையால்தான் போனது. ரெண்டு பக்கத்து ஆளும் அதைத்தான் சாப்பிட்டார்கள். பாட்டியின் உடம்பு இன்னும் வீட்டில் கிடக்க, கமிட்டியில் இருந்த உறவினர் ஒருவர் என் அம்மாவிடம் கேட்டார்: “இனிமே பொங்கலை நீதானேம்மா பாத்துக்கணும்?” அவர் கெட்டவர் இல்லை, அழுதுகொண்டேதான் கேட்டார். பீட்டரைப் போல.

அந்தக் காரியம் எல்லாம் முடிந்தபிறகுதான் ‘ஓர்டெட்’டை மறுபடி பார்த்தேன்.

இங்கரின் சாவில் யாருக்கு என்ன லாபம் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு கிழவர்கள் சமாதானமாகிறார்கள். அண்டர்ஸுக்குக் கல்யாணம். யோஹானஸுக்குப் புத்தி தெளிகிறது. மிக்கலுக்குக் கடவுள் கிடைக்கிறார். அவளுக்கு? இந்தக் கணக்கோடு நிறுத்தினால், ஆண்களின் விசுவாசத்துக்குத் தீனியாகப் பெண்ணைப் போட்ட படம் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். எழுதவும் ஆசையாகத்தான் இருந்தது. விடாமல் தடுத்தது கடைசிப் பத்து நிமிஷம்.

ஆத்மா கடவுளிடம் இருக்கிறது என்று ஆறுதல் சொல்கிறார் மார்ட்டன். அவள் உடம்பையும்தான் நேசித்தேன் என்று மிக்கல் உடைகிறான். எத்தனையோ பிரசங்கத்துக்குப் பிறகு அந்தப் படத்தில் கேட்கும் உண்மையான வாக்கியம் அது. சிறுமி மாரென், சித்தப்பா யோஹானஸின் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று நிற்கிறாள். அவன் கூப்பிடுகிறான். பெட்டிக்குள் விரல் அசைகிறது. எழுகிறவள் புனிதவதி மாதிரி எழவில்லை. வாயைத் திறந்து, எச்சிலோடு, பசித்தவளைப் போலக் கணவனின் கன்னத்தை அழுத்திப் பிடிக்கிறாள். அசிங்கமாகக்கூட இருக்கிறது. சாவு அன்று நின்ற கடிகாரத்தை அண்டர்ஸ் மறுபடி ஓடவிடுகிறான்.

அவளுடைய முதல் கேள்வி குழந்தை பற்றி. உயிரோடு இருக்கிறதா? கடவுளிடம் உயிரோடு இருக்கிறது என்கிறான் மிக்கல். உன் நம்பிக்கை இப்போது என்னுடையது என்கிறான். வாழ்நாளெல்லாம் நம்பியவள் கேட்டது இந்த உலகத்துக் கேள்வி. நேற்றுவரை நம்பாதவன் சொல்வது தேவாலயத்துப் பதில். இடம் மாறிவிட்டார்கள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதா? அவள் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. வாழ்க்கை என்கிற ஒரு சொல் மட்டும் அவளிடமிருந்து வருகிறது. படத்தின் தலைப்புக்கு டேனிஷ் மொழியில் ‘சொல்’ என்று அர்த்தம். மாமாக் கடையில் அந்தச் சொல் யோஹானஸுடையது என்று அடித்துப் பேசினேன். இப்போது இங்கருடையது என்று தோன்றுகிறது. குழந்தை மட்டும் எழவில்லை. அந்தக் கணக்கை டிரையர் நேர்செய்யாமல் விட்டிருக்கிறார்.

டிரையரைப் பெற்றவள் ஸ்வீடனில் ஒரு நிலக்காரர் வீட்டில் வேலை பார்த்தவள், கல்யாணமாகாதவள். 1889இல் பிறந்த அவரைத் தத்துக்கொடுத்துவிட்டாள். 1891இல் மறுபடி கர்ப்பமாகி, கலைப்பதற்காகத் தீக்குச்சி மருந்தை விழுங்கிச் செத்துப்போனாள். இதை வைத்துப் படத்தை விளக்கிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. வாழ்க்கை வரலாற்றைச் சாவியாக்கும் விமர்சனம் எனக்குப் பிடிக்காது. ஆனால் பிரசவத்தில் போன ஒரு பெண்ணை அவ்வளவு பிடிவாதமாக, எச்சிலும் பசியுமாகத் திரும்பக் கூப்பிட்ட காட்சியைப் பார்க்கும்போது அந்தத் தகவலை மறக்கவும் முடியவில்லை.

ஃபெடர்ஸ்பீலை நான் மறுபடி பார்த்தது 1987இல் வந்த ‘பாபெட்டின் விருந்து’ படத்தில். அதே ஜூட்லாந்துக் கடற்கரை, அதே மாதிரி ஒரு சின்னச் சபை. பாதிரியாரின் வயதான மகளாக வருகிறார். அந்தப் படத்தில் சமைப்பது வேறொருத்தி. இவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.