வாக்கும் வாளும்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் இலக்கியம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். எல்லாவற்றிலும் அல்ல. 1985-லிருந்து 2000 வரையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வெளிவந்த, வேஷம் கட்டி ஆடும் விளையாட்டுகள் சிலவற்றில் இருக்கிறது. இவற்றில் விளையாடுகிறவரேதான் கதாநாயகன். அவன் என்ன பேசுகிறான், யாரைச் சேர்த்துக்கொள்கிறான், யாரை வெட்டுகிறான் என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்க வேண்டும். என் அக்காள் மகன் பழையனவாகப் பார்த்து நாலைந்தை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். நாவல்களைப் போலவே சிலவற்றை முடித்தேன், சிலவற்றைப் பாதியில் மூடி வைத்தேன்.

இந்த விளையாட்டுகளின் ரசிகர்கள் ஓயாமல் சர்ச்சை செய்வது மூன்று விஷயங்களைப் பற்றி: எழுத்து, சண்டை, உடன் வரும் தோழர்கள். எதற்கு முதலிடம் என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. எனக்குச் சந்தேகம் இல்லை. மணவூரில் குடியிருப்பவனுக்குச் சந்தேகம் வரவும் கூடாது. அரக்கோணம் போகிற ரயிலில் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அதை ஒட்டிய பழையனூர்தான் நீலி கதை நடந்த ஊர்.

கதை பலருக்கும் தெரியும். ஒரு வணிகனைப் பழிவாங்க வந்த பேய், பெண் வடிவெடுத்து, ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவன் என் புருஷன்" என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறது. அவனோ, "இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்" என்று கதறுகிறான். சபையில் இருந்த வேளாளர் எழுபது பேரும், "உன் உயிருக்கு நாங்கள் ஜாமீன்" என்று சொல்லி, அவன் கையிலிருந்த ஆயுதத்தையும் வாங்கி வைத்துவிட்டு, அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள். அந்தக் கதையில் ஆயுதம் வருவதே பறித்து வைக்கப்படுவதற்காகத்தான். கதை முழுவதையும் நடத்திச் செல்வது பேச்சு. அதன் விலையைக் கொடுக்கிறவர்கள் ஜாமீன் நின்றவர்கள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ரிச்சர்ட் காரியட் என்பவர் 1985-ல் செய்த 'அல்டிமா' நான்காம் பாகத்தில் கொன்று தீர்க்க வேண்டிய வில்லன் என்று ஒருவரும் இல்லை. எட்டு நற்குணங்களில் தேறி 'அவதார்' ஆக வேண்டும்; நம்முடைய சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். மூலிகை விற்கும் கண் தெரியாதவளுக்கு நாம் கொடுத்ததே காசு. குறைத்துக் கொடுத்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கம்ப்யூட்டர் மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும். இந்த ஒரு இடத்துக்காகவே காரியட்டை வணங்கலாம். ஆனால் உடன் வரும் ஏழு தோழர்களும் பதுமைகள். நம் தொடர்கதைகளில் கதாநாயகனுடைய காதலைக் கேட்டுக்கொள்வதற்கென்றே ஒரு சிநேகிதன் வருவானே, அந்த ஜாதி.

1997-ல் வந்த 'ஃபால்அவுட்'டில் தோழர்கள் அதைவிட மோசம். ஐயன் என்று ஒருவன் சேருகிறான். பகைவனைக் குறிவைத்து நம் முதுகில் சுடுவான். ஆனால் முடிவு அபாரம். மனிதரைவிட மேலான இனத்தைப் படைத்துவிட்டதாக இறுமாந்திருக்கும் எதிராளியிடம், அந்த இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்பதை ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லலாம். அவன் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். ஒரு குண்டு செலவில்லை.

கனடாவில் டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய 'பயோவேர்' கம்பெனியின் 'பால்டர்ஸ் கேட்' முதல் பாகம் 1998-லும் இரண்டாம் பாகம் 2000-த்திலும் வந்தன. இதில்தான் தோழர்கள் வாய் திறக்கிறார்கள். கூட்டத்தில் ஆறு பேர். நமக்கு நல்ல பெயர் ஏற ஏற, உடனிருக்கும் துஷ்டர்களுக்குப் பொறுக்காமல் பிரிந்து போகிறார்கள். முதல் பாகத்தில் புருஷனோடு வந்த ஜஹைரா, இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே அவனைச் சவமாகக் காண்கிறாள். யோஷிமோ என்ற கலகலப்பான மனிதன் நம்மைக் காட்டிக்கொடுக்கிறான். மந்திரக் கட்டுக்கு அடிமையாகிச் செய்தான் என்பது பின்னால் தெரிகிறது. செத்தவனுடைய இருதயத்தை ஒரு பூசாரியிடம் கொண்டு சேர்த்து அவனுக்குச் சாந்தி தேடலாம். நல்ல நாவலாசிரியன் எழுதக்கூடிய இடம். காதல் கட்டங்கள் சகிக்கவில்லை. தக்க வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் பெண் மனம் இளகுகிறாள்; பரீட்சைக்கு விடை எழுதுவது போலத்தான்.

சண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டாம் பாகத்தில் மந்திரவாதிகள் மோதும்போது, ஒருவர் கட்டிய காப்பை மற்றவர் அடுக்கடுக்காக அவிழ்க்க வேண்டும். திருவாலங்காட்டில் சிவனும் காளியும் ஆடிய போட்டியும் இப்படித்தானே? ஒருவர் அடவுக்கு மற்றவர் அடவு, கடைசியில் அவர் காலை உயரத் தூக்கும் வரையில். எதிராளி யார், அவனால் என்ன முடியும் என்று தெரிந்தால்தான் யுத்தத்தில் ரஸம். மற்றப்படி வழியெல்லாம் பேரில்லாத பூதங்களை வெட்டிக்கொண்டு போவது, அத்தியாயத்தை இழுக்கிற வேலை.

ஆனால் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. 'பால்டர்ஸ் கேட்'டில் தோழன் செத்தால் கோயிலில் பணம் கட்டி எழுப்பலாம். சொன்ன சொல் விபரீதமாக முடிந்தால், முன்பு பதிந்துவைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு சொல் சொல்லலாம். பழையனூர் எழுபது பேருக்கு அப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால் அது கதையா?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது, நான் விளையாடியவற்றில் ஒன்றே ஒன்றுதான்: 1999-ல் கிறிஸ் அவெலோன் தலைமையில் எழுதப்பட்ட 'பிளேன்ஸ்கேப் டார்மென்ட்'. எட்டு லட்சம் சொற்கள் என்கிறார்கள், நம்பலாம். சண்டை படுமட்டம். கதாநாயகன் பெயரற்றவன்; பிணக் கிடங்கில் கண் விழிக்கிறான். அவனுக்குச் சாவில்லை. எத்தனை முறை செத்தாலும் எழுந்து வருகிறான். விளையாட்டு என்றால் அப்படித்தானே என்று நாமும் பேசாமல் இருக்கிறோம். பாதிக்கு மேல் உண்மை வெளிப்படுகிறது: அவன் ஒவ்வொரு முறை செத்தபோதும் அவனுக்குப் பதிலாக எங்கோ யாரோ ஒருவர் செத்திருக்கிறார். அவர்கள்தான் நிழல்களாக அவனைத் துரத்துகிறார்கள்.

டக்கான் என்ற முதிய வீரன் கூட வருகிறான். அதிகம் பேசமாட்டான். முந்தைய பிறவி ஒன்றில் பெயரற்றவன் அவனைச் சாவிலிருந்து மீட்டபோது, "உன் மரணம் வரையில் பின்தொடர்வேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். இவனுக்கு மரணமே கிடையாது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. மீட்டவனோ அன்பினால் மீட்கவில்லை. அவனுடைய வாள் தனக்கு உபயோகப்படும் என்பதற்காக மீட்டான். தீப்பாய்ந்தவர்களுக்கு ஒரு நாளில் கணக்கு முடிந்தது. டக்கானுக்கு முடியவே இல்லை.

இதை விளையாடிப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சண்டையைச் சுலபமாக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் சுலபமாக்கிக்கொள்ளுங்கள். சம்பாஷணையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். டக்கான் தன் இடுப்பில் வைத்திருக்கும் கல் வட்டத்தில் அவன் ஜனங்களின் வேதம் இருக்கிறது. அதைக் கற்றுக் கொடுக்கும்படி அவனிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் அவனாகச் சொல்லமாட்டான்.