மர்மர் கட்சி

என் கட்சி ‘மர்மர்’ கட்சி. ஆர்.இ.எம். இசைக்குழுவின் ரசிகர்களிடையே ரொம்ப காலமாகத் தீராத ஒரு வழக்கு உண்டு. அதில் பெரிய கட்சிகள் இரண்டு. 1983-ல் வந்த முதல் ஆல்பமான ‘மர்மர்’தான் உச்சம் என்பது ஒரு கட்சி. 1992-ல் வந்த எட்டாவது ஆல்பமான ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’தான் உச்சம் என்பது அடுத்த கட்சி. ‘ரெக்கனிங்’கைத் தூக்கிப் பிடிப்பவர்கள், ‘லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்’டை விட்டுக்கொடுக்காதவர்கள், பத்தாவது ஆல்பமான ‘நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை’யைக் கொண்டாடுகிறவர்கள் என்று சின்னக் கட்சிகளுக்கும் குறைவில்லை.

ஒருவர் எந்த ஆல்பத்தின் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் பாட்டில் எதைத் தேடுகிறவர் என்று தெரிந்துகொள்ளலாம். குரலும் சொல்லும் நேராக நெஞ்சில் வந்து தைக்க வேண்டும் என்பவர் ‘ஆட்டோமேட்டிக்’ பக்கம் போவார். நாலு பேர் ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிப்பதைக் கேட்பதுதான் சுகம் என்பவர் ‘மர்மர்’ பக்கம் வந்து சேருவார். எண்ணிக்கையில் ‘ஆட்டோமேட்டிக்’ கட்சிக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் பக்க நியாயமும் சாமானியமானது அல்ல. அதைப் பிறகு பார்ப்போம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். கிடார் வாசித்த பீட்டர் பக் அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஓவியம் படிக்க வந்த மாணவர், அந்தக் கடையின் வாடிக்கையாளர். பாஸ் கிடார் வாசித்த மைக் மில்ஸும் டிரம்ஸ் வாசித்த பில் பெர்ரியும் மேக்கன் ஊரில் பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். 1980 ஏப்ரல் 5-ஆம் தேதி, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், ஒரு பிறந்தநாள் விருந்தில், நால்வரும் முதன்முதலாகக் கூட்டத்துக்கு முன் வாசித்தார்கள். பெரிய வானொலி நிலையங்கள் அப்போது இவர்கள் பக்கமே திரும்பவில்லை. மாணவர்களே நடத்திய கல்லூரி வானொலிகள்தான் இவர்களைப் போட்டுக்கொண்டே இருந்தன. பின்னால் ‘ஆல்டர்நேட்டிவ் ராக்’ என்று பெயர் பெற்ற இசைக்கு அந்த நிலையங்கள்தான் தாய்வீடு.

‘மர்மர்’ உருவான விதத்திலேயே அதன் குணம் இருக்கிறது. ஐ.ஆர்.எஸ். இசைத்தட்டுக் கம்பெனி இவர்களை முதலில் ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரிடம் அனுப்பியது. அவர் துல்லியத்தை எதிர்பார்த்தவர். ‘கேட்டபல்ட்’ என்ற பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்துவிட்டு, அதன் மேல் சிந்தசைசரையும் ஏற்றினார். நால்வருக்கும் மனசு விட்டுப்போயிற்று. எங்களுக்குத் தெரிந்த தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டரிடமே விடுங்கள் என்று கம்பெனியிடம் கேட்டார்கள். ஈஸ்டரும் அவரோடு சேர்ந்து தயாரித்த டான் டிக்சனும் ‘பில்கிரிமேஜ்’ என்ற பாட்டை வெள்ளோட்டமாகப் பதிவு செய்து காட்டினார்கள். கம்பெனி சம்மதித்தது. 1983 தொடக்கத்தில் வட கரோலினா மாநிலத்து சார்லட் நகரில், ரிஃப்ளெக்‌ஷன் ஸ்டூடியோவில் முழு ஆல்பமும் பதிவாயிற்று. ராக் இசையில் தேய்ந்துபோன பழக்கங்கள் கூடாது, நீளமான கிடார் ஆவர்த்தனம் கூடாது, சிந்தசைசர் கூடாது என்பதில் நால்வரும் உறுதியாக இருந்தார்கள். அந்தக் காலத்து ஆல்பங்கள் பலவற்றில் டிரம்ஸ் சத்தத்தைக் கேட்டே அது எந்த வருஷம் என்று சொல்லிவிடலாம். ‘மர்மரி’ல் அது முடியாது.

முதல் பாட்டு ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’. ஒரு விநோதமான மின் இரைச்சலோடு ஆரம்பிக்கிறது. பெர்ரியின் டிரம்ஸ் அதை வெட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. அலங்காரமே இல்லாத, உலர்ந்த அடி. இந்தப் பாட்டில் காது முதலில் குரலிடம்தான் ஓடும். அதை இழுத்துப் பிடித்து பாஸில் வையுங்கள். ராக் இசையில் பாஸ் கிடாரின் வழக்கமான வேலை, தாளத்தோடு ஒட்டிக்கொண்டு அடிச்சுருதியைத் தாங்குவது. மில்ஸ் அதோடு நிற்கிறவர் இல்லை. கிடார் சும்மா இருக்கும் இடம் பார்த்து மேலே ஏறுவார், பாடகர் மூச்சு வாங்கும் நேரத்தில் ஒரு சின்ன மெட்டைச் சொல்லிவிட்டு இறங்குவார். பல பாடல்களில் நாம் முணுமுணுத்துக்கொண்டு போகும் மெட்டு அவருடைய பாஸில் இருந்து வந்ததாக இருக்கும்.

பீட்டர் பக் கம்பிகளை மொத்தமாக அறைவதில்லை. ரிக்கன்பேக்கர் கிடாரில் ஸ்வரக்கொத்தைக் கம்பி கம்பியாகப் பிரித்து உதிர்ப்பார். 1960-களின் பேர்ட்ஸ் குழுவோடு இவரை ஒப்பிட்டுப் பேசாத விமர்சகர் கிடையாது. ஒப்பீட்டில் தவறில்லை. ஆனால் பக்கிடம் அந்தக் குழுவின் மினுமினுப்பு இல்லை, ஒரு பதற்றம் இருக்கிறது. விரல் வேகம் காட்டி நம்மை வாய்பிளக்க வைக்கும் ஆசை அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் நிறுத்திவிட்டால் பாட்டு இடிந்துவிடும். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதோ அவர் இருப்பதே தெரியாது.

ஸ்டைப்பின் குரலைப் பற்றித்தான் ஆதியிலிருந்தே புகார். வார்த்தை விளங்கவில்லை, வாய்க்குள்ளேயே பாடுகிறார் என்று. உண்மைதான். ‘மர்மர்’ ஆல்பத்தில் பல இடங்களில் அவர் விளக்கை அணைத்துவிட்டு, படிக்கட்டு ஓரம் இருட்டில் நின்று பாடினார். பதிவிலும் குரலை முன்னால் நிறுத்தாமல் மற்ற வாத்தியங்களோடு கலந்து வைத்தார்கள். ஈஸ்டரும் டிக்சனும் செய்த பெரிய காரியம் அதுதான் என்பேன். குரல் அங்கே இன்னொரு வாத்தியம். தெலுங்கு தெரியாமல் தியாகராஜரில் கரைந்துபோகிறவர்கள் நம் சபைகளில் எத்தனை பேர்! சொல்லின் பொருள் எட்டாத இடத்திலும் சொல்லின் ஒலி வேலை செய்யும் என்பது நமக்குப் புதிது அல்ல.

இதற்கு ஒரு சாட்சியே இருக்கிறது. அடுத்த ஆல்பமான ‘ரெக்கனிங்’ பதிவின்போது ‘செவன் சைனீஸ் பிரதர்ஸ்’ பாட்டில் ஸ்டைப்பின் குரல் எழும்பவே இல்லை. டிக்சன் அங்கே கிடந்த பழைய கிறிஸ்தவ பக்திப் பாடல் இசைத்தட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதன் உறையின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்த அறிமுகக் குறிப்பை அந்தப் பாட்டின் மெட்டிலேயே ஸ்டைப் பாடிவிட்டார். குரல் திறந்துகொண்டது. ‘வாய்ஸ் ஆஃப் ஹெரால்ட்’ என்ற தலைப்பில் அந்தப் பதிவு பின்னால் வெளிவந்தது. ஓர் இசைத்தட்டு உறையின் விளம்பர வாசகம்! அதைக் கேட்டு நெஞ்சு இளகுகிறது. அந்தக் குரலின் உணர்ச்சி எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

‘மர்மரி’ன் சிகரம் ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’. ஒரே பகுதியை இரண்டு பியானோக்கள் சேர்ந்து வாசிக்கின்றன. இரண்டின் நாதமும் முழுக்க ஒட்டாது. அந்த மெல்லிய விலகலில்தான் பாட்டின் ஏக்கம் தங்கியிருக்கிறது. டிரம்ஸ் கொஞ்ச நேரம் வரவே வராது. பின்னணியில் மில்ஸின் குரலும் பெர்ரியின் குரலும் ஸ்டைப்பைத் தாங்கிக்கொண்டு மேலெழும்போது யார் முதல், யார் துணை என்று பிரிக்க முடியாது. இந்தப் பாட்டின் இசை பெரும்பாலும் டிரம்ஸ் வாசித்த பில் பெர்ரி போட்டது. இதை நினைவில் வையுங்கள். ‘வீ வாக்’ என்ற எளிய பாட்டில் தூரத்து இடி மாதிரி கேட்பது பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதும் ஒலி, வேகம் குறைத்துப் பதித்தது. இப்படிச் சின்னச் சின்ன மர்மங்கள் ஆல்பம் முழுக்க இறைந்து கிடக்கின்றன. அந்த வருஷம் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் விமர்சகர்கள் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்ல’ரைத் தாண்டி ‘மர்மரை’ச் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தார்கள். விற்பனையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்தத் தேர்வு இன்றைக்கும் எனக்குச் சரியாகவே படுகிறது.

நடுவில் வந்த வருஷங்களை விரிக்க வேண்டியதில்லை. ஆல்பத்துக்கு ஆல்பம் ஸ்டைப்பின் உச்சரிப்பு தெளிந்தது, கூட்டம் பெருகியது, 1988-ல் வார்னர் கம்பெனிக்கு மாறினார்கள். 1991-ல் ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பத்தின் ‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. பக் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்த மாண்டலினில் பிறந்த மெட்டு அது. அதன் படத்தை எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். சட்டமிட்ட ஓவியம் போல நிற்கும் அந்த உருவங்களில், கண்ணைப் பறிக்கும் நிறங்களில் நம் நாட்டு சினிமாவின் சாயல் இருப்பதை நம்மவர்கள் சட்டென்று கண்டுகொள்வார்கள்.

இனி எதிர்க்கட்சி. ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’ வந்தபோது சியாட்டில் குழுக்களின் கிடார் இரைச்சல் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் இவர்கள் மெதுவான, முதுமையையும் சாவையும் பற்றிப் பேசுகிற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். நாலு பாடல்களுக்கு வயலின் வகையறா வாத்தியங்களை அமைத்துக் கொடுத்தவர் லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். ‘நைட்ஸ்விம்மிங்’கில் கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. மில்ஸின் பியானோ ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் மேல் ஸ்டைப்பின் குரல், பிறகு வயலின்கள், கடைசியில் ஓர் ஓபோ. அவ்வளவுதான். இதைவிட அழகான பாட்டு அவர்களிடம் இல்லை என்று எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். கடைசிப் பாட்டான ‘ஃபைண்ட் தி ரிவ’ரில் மில்ஸும் பெர்ரியும் தங்கள் பின்னணிக் குரல்களை ஒருவர் பாடியதை மற்றவர் கேட்காமலே தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். ஒருவர் உருகிப் பாடியிருக்கிறார், மற்றவர் அடக்கி வாசித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்துகின்றன.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் கட்சி மாறாததற்குக் காரணம் உண்டு. ‘ஆட்டோமேட்டிக்’கில் ஸ்டைப் நடுவில் வந்துவிட்டார். மற்ற மூவரும் அவரைச் சுற்றி அழகாக நிற்கிறார்கள், சிறந்த பக்கவாத்தியக்காரர்களாக. ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பாட்டு எத்தனையோ பேருக்கு ஆறுதல் தந்திருக்கிறது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது முதல் தடவையே தன்னை முழுக்கக் கொடுத்துவிடுகிறது. ‘மர்மர்’ அப்படிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவரைப் பின்தொடர்ந்து கேட்கலாம். ஒவ்வொரு தடவையும் அது வேறு ஆல்பம்.

‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ஸும் பெரும்பாலும் பில் பெர்ரியின் படைப்பு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு கட்சிகளும் தங்கள் தங்கள் கொடியாகத் தூக்கும் பாட்டு, பின்வரிசையில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து வந்திருக்கிறது! பாட்டு யாருடையதாக இருந்தாலும் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நாலு பெயரும் ஆங்கில அகர வரிசையில் போட்டு, வருமானத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வது இவர்களின் வழக்கமாக இருந்தது. ஒருவர் வேண்டாம் என்றால் அந்தக் காரியம் நடக்காது. காது கேட்பதும் அந்தச் சமத்துவத்தைத்தான்.

1995 மார்ச் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துக் கச்சேரியில் பெர்ரி மூளை ரத்தநாள வீக்கத்தால் மேடையிலேயே நிலைகுலைந்தார். அறுவை சிகிச்சையில் பிழைத்து வாசிக்கத் திரும்பினார். ஆனால் 1997-ல் குழுவை விட்டு விலகி விவசாயத்துக்குப் போய்விட்டார். நான் விலகினால் நீங்கள் கலைந்துவிடுவீர்கள் என்றால் விலக மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூவரும் 2011 வரை தொடர்ந்தார்கள். நல்ல பாடல்கள் அதற்குப் பிறகும் வந்தன. ஆனாலும் நாலாவது கால் போன பிறகு அந்தப் பழைய நிதானம் திரும்பவில்லை. வேறு டிரம்ஸ் கலைஞர்கள் தாளம் கொடுத்தார்கள். வேண்டாததைத் தள்ளிப் பாட்டைச் சுருக்கிக் கட்டும் பெர்ரியின் கை கிடைக்கவில்லை. 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் நால்வரும் ஒரே மேடையில் ‘லூசிங் மை ரிலிஜன்’ பாடினார்கள். ஒரே ஒரு பாட்டு.

இவர்களை இதுவரை கேட்காதவர்கள் ‘ஆட்டோமேட்டிக்’கில் தொடங்குங்கள், அதுதான் எளிதில் கதவைத் திறக்கும். பிறகு ‘மர்மரு’க்கு வாருங்கள். பாடல் வரிகளைத் தேடிப் படிக்க வேண்டாம். 1998-ல் வந்த ‘அப்’ வரைக்கும் எந்த ஆல்பத்திலும் இவர்கள் பாடல் வரிகளை முழுசாக அச்சிட்டதே இல்லை. ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ வரையிலான முதல் ஆறு பாடல்களை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். இரண்டாவது தடவை ஸ்டைப்பை விட்டுவிட்டு மைக் மில்ஸின் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.