கயிற்றின் மறுமுனை

மலையேற்ற நூல்களை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது நம்மிடையே வழக்கமன்று. அதற்குக் காரணமுமுண்டு. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. அதன் உச்சியிலும் வெண்பனி வீழ்ந்து கிடப்பதில்லை. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் விடியற்காலை உறைபனி படிந்து கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போவதுண்டு. நாமறிந்த பனி அவ்வளவே. நான் பிறந்த மொனராகலையில் அதுவுமில்லை. மயிற்பாறை எனப் பொருள்படும் பெயருடைய அம்மலையின் சரிவில் தேயிலையும் இறப்பரும் உண்டு. மழை பெய்தால் வழுக்கும், பெய்யாவிட்டால் சுடும். எனினும், 1953ஆம் ஆண்டின் எவரெஸ்ட் ஏற்றம் குறித்த இரு நூல்களை அடுத்தடுத்து வாசித்தபோது, இமயத்தைப் பற்றியன்றி எங்கள் தோட்டத்தைப் பற்றியே ஒரு வினா எழுந்தது. ஒரு மனிதனின் திறன் எப்போது கல்வியெனப்படுகின்றது, எப்போது பிறவிக்குணமெனப்படுகின்றது?

முதலாவது நூல், பயணக்குழுவின் தலைவர் ஜோன் ஹண்ட் அவ்வாண்டிலேயே வெளியிட்ட ‘எவரெஸ்ட் ஏற்றம்’. உச்சியை அடைந்த கதையைக் கூறும் அதிகாரத்தை மட்டும் எட்மண்ட் ஹில்லரி எழுதினார். இரண்டாவது, 1955இல் வெளிவந்த டென்சிங் நோர்கேயின் தன்வரலாறு. டென்சிங் எழுதப் படிக்க அறியாதவர். அவர் சொல்ல, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சி உல்மன் எழுதினார். ஒரே கயிற்றின் இருமுனைகளிலும் பிணைந்து சென்றோரின் கூற்றுக்கள் ஆதலால் இவற்றை ஒப்புநோக்குதல் பொருந்தும்.

அதற்குமுன் பனியில் ஏறும் வித்தை எத்தகையது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். தமிழில் இதனைக் கூறுவதில் ஓர் இடர்ப்பாடுண்டு. புல்நுனியிலுள்ள துளியும், மூடுபனியும், வானிலிருந்து வீழும் வெண்பனியும் நமக்குப் பனியே. மலையேறுபவனுக்கோ இவ்வேறுபாடுகள் உயிரோடு தொடர்புடையவை. இளகிய வெண்பனியிற் சப்பாத்து முனையால் உதைத்துப் படியமைக்கலாம். அதுவே கண்ணாடிபோல் இறுகிக் கட்டியாகுமிடத்துக் கோடரியாற் படி வெட்டவேண்டும். அன்றேல் சப்பாத்தின் அடியில் இரும்பு முட்சட்டத்தைக் கட்டிக்கொள்ளவேண்டும். பத்து முட்களுடைய சட்டத்தை ஒஸ்கார் எக்கன்ஸ்டைன் 1908இல் வகுத்தார். 1929இல் லோரன்ட் கிரிவெல் முன்னோக்கிய இரு முட்களை அதிற் சேர்த்தார். கருவி கைக்கு வந்ததும் புகட்டப்படும் அடிப்படைப் பாடம், வியப்புக்குரிய வகையில், விழுதலாகும். கீழே ஆபத்தில்லாத சரிவொன்றைத் தெரிந்து, முகங்குப்புறவும் மல்லாந்தும் தலைகீழாகவும் வேண்டுமென்றே வழுக்கிவிழுந்து, உடலைத் திருப்பிக் கோடரித்தலையின்மேல் மார்பின் பாரத்தை ஏற்றி, அதன் அலகைப் பனியிற் பதித்து நிற்கப் பழகவேண்டும். முட்சட்டம் அணிந்திருந்தால் காலை உயர்த்திக்கொள்ளவேண்டும். முள் பனியிற் சிக்கினால் ஆளைப் புரட்டிவிடும். நூறுமுறை விழுந்தவனுக்கே நூற்றோராவது முறை கை தானாக இயங்கும். பிறப்பினால் எவருக்கும் வாய்க்காத வித்தை இது.

ஆனால் பயணநூல்களின் நடையை நோக்குமிடத்து, இவ்வுண்மை எல்லோர்க்கும் ஒரேவகையில் ஏற்புடையதாகக் காணப்படவில்லை. ஐரோப்பிய ஏறுநனின் திறமைக்கு ஒரு வரலாறு கூறப்படுகின்றது: எந்த மலையிற் பழகினான், எவரிடம் பழகினான், எத்தனை பருவங்கள் அல்ப்ஸ் மலையிற் கழித்தான் என்றவாறு. செர்ப்பாவின் திறமைக்கோ பெரும்பாலும் வரலாறு இல்லை; நுரையீரலும் பிறந்த ஊரும் உண்டு. ஹண்ட் கண்ணியமானவர், புகழ்வதில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஆயினும் விசுவாசம், மலர்ந்த முகம், சுமக்கும் வலிமை என்பனவே அத்தகைய புகழ்ச்சியில் மேலோங்கி நிற்கின்றன. வேலைக்காரனைப் புகழும் மொழி அது. சக கலைஞனைப் புகழும் மொழி அன்று.

இம்மொழி உச்சமடையும் இடம் ஹில்லரியின் அதிகாரத்தில் உள்ளது. சிகரத்துக்கு அண்மையிலுள்ள செங்குத்தான பாறைப்படியைத் தாம் ஏறிய பின்னர், டென்சிங் கயிற்றோடு மேலே வந்து, கடலிலிருந்து இழுத்தெடுத்த பெருமீன்போற் களைத்து வீழ்ந்தாரென அவர் உவமிக்கின்றார். டென்சிங் தம் நூலில் இவ்வுவமையை எடுத்துக்கொண்டு மறுக்கின்றார். கயிறு இறுக்கிப் பிடிக்கப்பட்டது உண்மை. ஆயினும் ஏறியது தாமே, களைப்பு இருவருக்கும் பொதுவே என்பது அவர் வாதம். எழுத்தறியாத ஒருவர் ஓர் உவமையைக் கண்டு புண்பட்டு, அதனைச் சொற்சொல்லாக நின்று எதிர்க்கும் இப்பகுதியே அந்நூலின் சிறந்த திறனாய்வு என்பேன். உவமை அலங்காரம் மட்டுமன்று என்பதை அவர் அறிந்திருந்தார். மீன் ஏறுவதில்லை, இழுக்கப்படுகின்றது.

டென்சிங் தமக்கென ஒரு கல்வி வரலாற்றை அமைத்துக் காட்டுவதும் இந்நோக்கினாலேயே. 1933இல் வேலைகேட்டுச் சென்று மறுக்கப்பட்டார். 1935இற் சுமைகாரராகச் சேர்ந்தார். 1938இல், உயரமான முகாம்கள்வரை சுமந்தோர்க்கு வழங்கப்படும் ‘புலி’ என்ற பட்டத்தைப் பெற்றார். அதற்குச் சற்றுக் கூடிய கூலியும் உண்டு. 1952இற் சுவிஸ் குழுவினர் அவரை ஏறுநராகவே ஏற்றுக்கொண்டனர். அவ்வாண்டு ரேமண்ட் லம்பேட்டோடு ஏறத்தாழ 8,600 மீற்றர்வரை சென்றார். லம்பேட் பனிக்கடியாற் கால்விரல்களை இழந்தவர். இருவருக்கும் பொதுமொழியும் இல்லை. அடுத்த ஆண்டு, மே 29ஆம் திகதி, உச்சியில் நின்றபோது டென்சிங்கின் கழுத்திலிருந்தது லம்பேட் தந்த சிவப்புக் கழுத்துத்துணி. எவரெஸ்டை நோக்கிய அவருடைய ஏழாவது பயணம் அது. ஏழு முறை ‘பாடசாலைக்கு’ச் சென்றவரைப் பிறவி மலையேறி என்பது எவ்வாறு தகும்?

அவ்வாண்டின் இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. காத்மாண்டுவிற் செர்ப்பாக்கள் தங்கவைக்கப்பட்ட இடம் பிரித்தானியத் தூதரகத்தின் வாகனக் கொட்டில். முன்னர் அது குதிரை லாயம். மலசலகூடமும் இல்லை. மறுநாட்காலை அவர்கள் வாசல் வீதியிலேயே சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். லயத்திற் பிறந்த வாசகனுக்கு இப்பக்கத்தில் அடிக்குறிப்பு வேண்டியதில்லை. முற்காலப் பயணநூல்கள் சுமைகாரரைக் குறிக்க ஆண்ட சொல்லும் நம்மைக் குறிக்க ஆண்ட அதே ‘கூலி’ என்பதே.

ஆயினும் டென்சிங்கின் நூலைக் குறையற்றதென நான் கொள்ளவில்லை. அதிற் பேசுவது யார் என்ற ஐயம் நீங்குவதில்லை. உல்மன் நாவலாசிரியர், கதைக்கு ஏற்ற தொடக்கம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். சிறுவயதிற் கண்ட கனவு, தாய் சொன்ன மலை, அழைத்துக்கொண்டேயிருந்த சிகரம் என்பன நூலெங்கும் வருகின்றன. பிறவிச் செர்ப்பா என்னும் புனைவை ஒரு கையால் விலக்கும் நூல், மறுகையால் அதனைப் போற்றவும் செய்கின்றது. இம்முரண்பாடு உல்மனுடையதா டென்சிங்குடையதா என்பதை நூலைக்கொண்டு மட்டும் தீர்க்கவியலாது.

நம் இலக்கியமும் இவ்விடயத்திற் பெருமைப்பட இடமில்லை. சிலப்பதிகாரத்தில் இமயத்துக் கல் வருகின்றது. கனக விசயரின் தலைகளில் ஏறி வருகின்றது. தோற்றவன் சுமப்பான், வென்றவன் பெயர் நிலைக்கும். பெரியபுராணத்திற் காரைக்காலம்மையார் தலையால் நடந்து கயிலையேறுகின்றார். அப்பர் உடல்தேயத் தவழ்ந்தும் செல்லவியலாது, பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுகின்றார். பக்தியின் உயர்வு அங்கே உண்டு. பயிற்சிக்கு இடமில்லை. பனிமலை நமக்கு வெற்றியின் இடமாகவோ அருளின் இடமாகவோ அமைந்ததேயன்றி, வேலையின் இடமாக அமையவில்லை.

வேலையின் இடமாக அதனை ஏற்று, அவ்வேலையைப் பாடமாக்கிய முயற்சி தேயிலைக்குப் பெயர்போன டார்ஜிலிங்கில் நிகழ்ந்தது. 1954 நவம்பரில் அங்கு இமாலய மலையேற்றக் கழகம் நிறுவப்பட்டது. நரேந்திர தர் ஜயால் முதல் அதிபரானார். களப்பயிற்சியின் பணிப்பாளர் டென்சிங். அப்பதவிக்கு ஆயத்தமாகும்பொருட்டு, எவரெஸ்டின் உச்சியை மிதித்த அவரே சுவிற்சர்லாந்து சென்று ஆர்னோல்ட் கிளாட்ஹார்டிடம் மாணவராயிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1976இல் அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர், 1963இலும் 1965இலும் எவரெஸ்டில் ஏறி, இருமுறை உச்சியை அடைந்த முதல் மனிதராகிய நவாங் கோம்பு. சுமந்தவர்கள் ஆசிரியராயினர், சமவெளியிலிருந்து வந்தவர்கள் அவர்களிடம் விழுந்து பழகினர். 2016 மே 21ஆம் திகதி எவரெஸ்டை அடைந்த முதல் இலங்கையராகிய ஜயந்தி குரு உதும்பாலவும் அக்கழகத்திற் பயின்றவரே. பனி காணாத தீவிலிருந்து சென்ற ஒரு பெண்ணுக்கு அது கைகூடியமை, இத்திறன் இரத்தத்தில் இல்லை என்பதற்கு வேறெந்த வாதத்திலும் வலிய சான்றாகும்.

இதனால் கயிற்றின் மறுமுனையிலுள்ளவரின் நிலை மாறிவிட்டதெனக் கூறுவதற்கில்லை. 1922இற் பனிச்சரிவில் இறந்த எழுவரும் சுமைகாரர். 2014 ஏப்ரில் 18இற் கும்பு பனியருவியில் இறந்த பதினாறு பேரும் பிறர் ஏறுவதற்காக உழைத்த நேபாளத் தொழிலாளர்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒருவர், சரிவில் நிரைபிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்களைக் கண்டு, இவர்கள் மலைக்கென்றே பிறந்தவர்கள் என அன்போடு கூறியதைச் சிறுவயதிற் கேட்டிருக்கின்றேன். என் தாயும் அந்நிரையில் நின்றார். ஈரமண்ணில் எந்த விரலை முதலில் ஊன்றுவது, கூடை நிறைந்தபின் பாரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது, கானைத் தாண்டும்போது தேயிலையின் எக்கிளையைப் பற்றலாம், எதனைப் பற்றலாகாது என்பவற்றை அவர் தம் சிறிய தாயாரிடம் இரண்டு மழைக்காலங்கள் கற்றவர். நிறுவைப் புத்தகத்தில் அதற்கு நிரல் இல்லை. கிலோவுக்கு மட்டுமே உண்டு.

சென்ற விடுமுறையில், டென்சிங்கின் நூலிலிருந்து ஒரு பகுதியை அவருக்குத் தமிழாக்கிச் சொன்னேன். 1953 ஏப்ரில் மாதம் ஹில்லரி பனிப்பிளவொன்றிற் சரிந்து விழ, பின்னால் வந்த டென்சிங் கயிற்றைப் பிடித்து நிறுத்திய நிகழ்ச்சி அது. யார் பெரியவர், யார் முதலில் உச்சியில் கால்வைத்தார் என்று உலகம் பல ஆண்டுகள் கேட்டதை அவர் கேட்கவில்லை.

“அப்ப அவரு கால எங்க ஊண்டி நின்னாரு?” என்றார்.

நூலை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். கோடரியைப் பனியிற் குத்தி, அதனோடு கயிற்றைப் பிணைத்து நிறுத்தினார் என்றிருந்தது. சொன்னேன். சரியென்று தலையசைத்து, அடுப்படிக்குப் போனார்.